தைராய்டு மாத்திரை போட்டால் கொலஸ்ட்ரால் ஏன் இறங்குகிறது?

கொளத்தூரிலிருந்து கேட்டிருக்கும் அன்பருக்கு. உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு 54 வயது. ஹெல்த் செக்கப்பில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) 38, எல்.டி.எல். ('கெட்ட' கொலஸ்ட்ரால்) 186 என்று வந்திருக்கிறது. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்றும் எழுதியிருக்கிறார்கள். டாக்டர் கொலஸ்ட்ராலுக்கு மருந்து எதுவும் தராமல் தைராய்டு மாத்திரை மட்டும் எழுதி, எட்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார். மூன்று வாரம் ஆகிவிட்டது, எடை குறையவில்லை. கழுத்தில் இருக்கும் சுரப்பிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம் என்று தேடியதில் 'நியூக்ளியர் ரிசெப்டர்' என்று படித்திருக்கிறீர்கள், புரியவில்லை. போதாததற்கு, ஈரல் கொழுப்புக்கே தைராய்டு மருந்து வந்துவிட்டது, அம்மா ஒரு மாத்திரைக்குப் பதில் இரண்டு போட்டால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

பார்த்தால் மூன்று நான்கு கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: கல்லீரல் செல்லுக்குள் இந்த ஹார்மோன் என்னதான் செய்கிறது? அது விளங்கினால் மற்றவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் தேட வேண்டியிருக்காது. நான் மருத்துவ உயிர்வேதியியல் கற்பிப்பவன். உங்கள் அம்மாவைப் பரிசோதித்தவன் அல்ல. எனவே மாத்திரை அளவை முடிவு செய்வது அவருடைய டாக்டரின் வேலை, நான் சொல்வது அதன் பின்னால் இருக்கும் காரணங்களை மட்டும்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் வெளியே அனுப்புவது டி4. நான்கு அயோடின் அணுக்கள் கொண்டது, பெயர் தைராக்சின். அம்மா போடும் மாத்திரையில் இருப்பதும் அதுவேதான். ஆனால் செல்லுக்குள் வேலை செய்வது மூன்று அயோடின் கொண்ட டி3. வெளி வளையத்திலிருந்து ஓர் அயோடினைக் கழற்றினால் டி4, டி3 ஆகிவிடும். தவறான வளையத்திலிருந்து கழற்றினால் 'ரிவர்ஸ் டி3' என்ற பயனற்ற பொருள்தான் மிஞ்சும். கழற்றும் வேலையைச் செய்பவை டீஅயோடினேஸ் என்னும் நொதிகள். இவற்றின் மையத்தில் செலினியம் இருக்கிறது. முதல் வகை நொதி கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் நிறைய உண்டு. இரண்டாம் வகை மூளை, பிட்யூட்டரி (மூளையின் அடியில் இருந்து டி.எஸ்.எச்.-ஐச் சுரக்கும் சுரப்பி), தசை போன்ற இடங்களில் இருக்கிறது. ஒரு நாளில் உடலில் உருவாகும் டி3-யில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இப்படிச் சுரப்பிக்கு வெளியே தயாராவதுதான். அதில் கல்லீரலின் பங்கு எவ்வளவு, தசையின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கல்லீரலுக்கும் தைராய்டுக்கும் உள்ள உறவு இதோடு முடியவில்லை. ரத்தத்தில் டி4-ஐச் சுமந்து செல்லும் மூன்று புரதங்களையும் (தைராக்சின் பிணைப்புக் குளோபுலின், டிரான்ஸ்தைரெட்டின், ஆல்புமின்) பெரும்பாலும் செய்து தருவது கல்லீரலே. 99.9 சதவீதத்துக்கும் மேலான டி4 இவற்றோடு ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. ஒட்டாமல் திரியும் நூலளவுதான் செல்லுக்குள் போக முடியும். கர்ப்ப காலத்திலும் ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சாப்பிடும்போதும் அந்தக் குளோபுலின் கூடுவதால் மொத்த டி4 உயர்ந்து தெரியும், ஆளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் 'ஃப்ரீ டி4' கேட்கிறார்கள். வேலை முடிந்த ஹார்மோனோடு சல்பேட்டையோ குளூகுரோனிக் அமிலத்தையோ சேர்த்துப் பித்தத்தில் தள்ளிவிடுவதும் கல்லீரல்தான். இந்தக் கடைசி வேலையை ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமஸெபின் போன்ற மருந்துகள் வேகப்படுத்திவிடும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுபவருக்குக் காசநோய் சிகிச்சையோ வலிப்பு மருந்தோ தொடங்கினால், பழைய அளவு போதாமல் டி.எஸ்.எச். ஏறுவது இதனால்தான். அம்மா வேறு எந்த மருந்து தொடங்கினாலும் இதை டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள்.

இனி செல்லுக்குள் போவோம். இந்த ஹார்மோன் கொழுப்பில் கரையும் தன்மை கொண்டது, ஆகவே செல் சவ்வின் வழியே தானாகவே ஊறி உள்ளே போய்விடும் என்று பழைய பாடப்புத்தகங்களில் இருக்கும். அது சரியல்ல என்று இப்போது தெரியும். எம்.சி.டி.8, எம்.சி.டி.10 போன்ற கடத்திப் புரதங்கள் அதை உள்ளே எடுத்துச் செல்கின்றன. எம்.சி.டி.8 பழுதாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு ரத்தத்தில் டி3 ஏராளமாக இருந்தும் மூளைக்குள் போதுமான அளவு சேராமல் வளர்ச்சி முடங்கிவிடுகிறது. அதே குழந்தைகளின் கல்லீரலுக்கு வேறு கடத்திகள் கைகொடுப்பதால், அங்கே ஹார்மோன் மிகுந்துபோகும். ஒரே ரத்தம்தான் எல்லா உறுப்புக்கும் போகிறது, ஆனாலும் ஒவ்வோர் உறுப்புக்கும் கிடைக்கும் ஹார்மோன் வேறு வேறு. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

உள்ளே போன டி3 நேராக உட்கருவுக்குப் போகிறது. இது தெரியவந்த விதம் அழகானது. தைராக்சினை 1914-லேயே எட்வர்ட் கெண்டால் படிகமாகப் பிரித்தெடுத்துவிட்டார். 1952-ல் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் இருவரும் டி3-ஐக் கண்டுபிடித்தார்கள். அது செல்லில் எங்கே போய் வேலை செய்கிறது என்பது மட்டும் வெகுகாலம் புரியவில்லை. நேரே மைட்டோகாண்ட்ரியாவைத் தூண்டிச் சூட்டைக் கூட்டுகிறது என்றுதான் பலர் நினைத்தார்கள். மும்பையில் பிறந்த ஜம்ஷெட் டாட்டா, 1960-களின் தொடக்கத்தில், ஆர்.என்.ஏ. உற்பத்தியைத் தடுக்கும் ஆக்டினோமைசின் என்ற பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். தைராய்டு ஹார்மோனின் விளைவே நின்றுபோனது. அப்படியானால் ஹார்மோனின் வேலை மரபணு படிக்கப்படும் இடத்தில்தான் நடக்கிறது என்று பொருள். 1972-ல் ஜாக் ஓப்பன்ஹைமரின் குழு, எலியின் கல்லீரல், சிறுநீரக உட்கருக்களில் டி3 இறுகப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் இருப்பதைக் காட்டியது. டி3-ஐ அப்படிப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை ஏற்பி என்பார்கள். 1986-ல் அந்த ஏற்பியின் மரபணுவை இரண்டு குழுக்கள் தனித்தனியே அடையாளம் கண்டன. நீங்கள் படித்த 'நியூக்ளியர் ரிசெப்டர்' என்பது இதுதான். தமிழில் உட்கரு ஏற்பி எனலாம்.

மனிதரிடம் இதற்கு இரண்டு மரபணுக்கள் உண்டு. 17-ஆவது குரோமோசோமில் ஆல்ஃபா, 3-ஆவதில் பீட்டா. இதயம், எலும்பு, குடல் ஆகியவற்றில் ஆல்ஃபா 1 மேலோங்கியிருக்கும். கல்லீரலில் மேலோங்கியிருப்பது பீட்டா 1. பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். உற்பத்தியைக் கட்டுப்படுத்துவது பீட்டா 2. இந்த ஒரு விவரத்தை மறக்க வேண்டாம். உங்கள் உறவினரின் யோசனைக்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

அடுத்துச் சொல்வது பெரும்பாலானோர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம், சற்று நிதானமாகப் படியுங்கள். ஹார்மோன் வந்த பிறகுதான் ஏற்பி எழுந்து போய் டி.என்.ஏ.யில் உட்காரும் என்று நினைப்போம். கார்டிசால் ஏற்பி அப்படித்தான் நடந்துகொள்கிறது. தைராய்டு ஏற்பி அப்படியல்ல. ஹார்மோன் இல்லாதபோதும் அது பெரும்பாலும் உட்கருவிலேயே, டி.என்.ஏ.யின் மேலேயே இருக்கிறது. ஆர்.எக்ஸ்.ஆர். என்ற துணை ஏற்பியோடு ஜோடி சேர்ந்து, ஏ-ஜி-ஜி-டி-சி-ஏ என்ற ஆறெழுத்து வரிசை இரண்டு முறை, நடுவே நான்கு எழுத்து இடைவெளி விட்டு வரும் இடங்களை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்கிறது. சும்மாவும் இருப்பதில்லை. என்கார், ஸ்மர்ட் என்னும் அடக்கும் புரதங்களையும், அவற்றோடு ஹெச்டாக் 3 என்ற நொதியையும் தன்னோடு பிடித்து வைத்திருக்கிறது. அந்த நொதி, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் உருண்டைகளிலிருந்து அசிட்டைல் தொகுதிகளை நீக்கிவிடும். அந்தப் பகுதி இறுகிவிடும், மரபணு படிக்கப்படுவது குறையும்.

டி3 வந்து ஏற்பியின் குழிக்குள் அமர்ந்ததும், ஏற்பியின் முனையில் இருக்கும் பன்னிரண்டாவது சுருள் மடங்கி மூடிக்கொள்கிறது. ஏற்பியின் மேற்பரப்பே மாறிவிடுகிறது. அடக்கும் புரதங்களுக்கு அங்கே பிடிமானம் போய்விடும், எஸ்.ஆர்.சி.-1, பி300 போன்ற ஊக்கும் புரதங்களுக்கு இடம் கிடைக்கும். இவை அசிட்டைல் தொகுதிகளைத் திரும்பச் சேர்க்கின்றன, பிடி தளர்கிறது, மீடியேட்டர் தொகுதியின் உதவியோடு ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் வந்து மரபணுவைப் படிக்கத் தொடங்குகிறது. டி4-ஆலும் இந்தக் குழியில் அமர முடியும், ஆனால் டி3-இன் பற்று அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு அதிகம்.

ஆக, தைராய்டு குறைந்த உடம்பில் நடப்பது வெறும் பற்றாக்குறை அல்ல. ஹார்மோன் வராத ஏற்பி முனைந்து அடக்கிக்கொண்டிருக்கிறது. இதற்கு எலிகளிடம் உறுதியான சான்று உண்டு. பாக்ஸ் 8 என்ற மரபணு இல்லாத எலிக்குஞ்சுக்குத் தைராய்டு ஹார்மோனே சுரக்காது, பால் மறக்கும் பருவத்திலேயே செத்துவிடும். அதே எலியில் ஆல்ஃபா ஏற்பியின் மரபணுவையும் சேர்த்து நீக்கினால் அது பிழைத்துக்கொள்கிறது. ஹார்மோன் இன்னமும் இல்லைதான், ஆனால் அடக்கிக்கொண்டிருந்த ஏற்பியும் போய்விட்டதே! கல்லீரலிலும் இப்படியொரு சோதனை நடந்திருக்கிறது. எலியின் கல்லீரல் செல்களில் மட்டும், என்கார் புரதம் தைராய்டு ஏற்பியைப் பற்றும் பகுதியை நீக்கினார்கள். ஹார்மோன் குறைந்த நிலையிலும், அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்கள் அடங்கவில்லை.

மேலே சொன்னது எத்தனை தூரம் உறுதி? ஏற்பி, ஜோடி, சுருள் மடங்குவது, புரதங்கள் இடம் மாறுவது, இவற்றுக்குப் படிக அமைப்புகளும் பிற சோதனைகளும் வலுவான சான்று தருகின்றன. ஆனால் 'அடக்கும் புரதம் முழுக்கப் போய், ஊக்கும் புரதம் வருகிறது' என்பது பாடத்துக்காகச் சுருக்கிச் சொல்வது. எலிக் கல்லீரலின் டி.என்.ஏ. முழுவதையும் அலசிப் பார்த்தபோது பல இடங்களில் ஹார்மோன் வந்த பிறகும் அடக்கும் புரதம் ஓரளவு தங்கியிருப்பது தெரிந்தது. விளக்கு ஸ்விட்ச் போல நினைப்பதைவிட, கேஸ் அடுப்பின் குமிழ் போல, சிம்முக்கும் முழுத் தீக்கும் நடுவே நகர்வதாக நினைப்பது உண்மைக்குப் பக்கம். இன்னொரு விஷயம். டி3 சில மரபணுக்களைக் குறைக்கவும் செய்கிறது, பிட்யூட்டரியில் டி.எஸ்.எச். மரபணுவைப் போல. அதே ஏற்பி ஓர் இடத்தில் ஊக்கி, இன்னோர் இடத்தில் எப்படி அடக்குகிறது என்பதற்கு எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இன்றுவரை கிடையாது. உட்கருவுக்குப் போகாமலே செல் சவ்வில் சில வேலைகளை இந்த ஹார்மோன் செய்கிறது என்ற ஆய்வுகளும் உண்டு. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் கொலஸ்ட்ராலை விளக்க அவை தேவைப்படவில்லை.

கொலஸ்ட்ராலுக்கு வருவோம். ரத்தத்தில் சுற்றும் எல்.டி.எல். துகள்களைப் பிடித்து உள்ளே இழுப்பவை கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் இருக்கும் எல்.டி.எல். ஏற்பிகள். பெயர் ஒன்றாக இருப்பதால் குழம்ப வேண்டாம். இது உட்கருவில் இருப்பதல்ல, வெளிச் சவ்வில் இருப்பது. இந்த ஏற்பியின் மரபணுவை டி3 நேரடியாகவும், எஸ்.ஆர்.இ.பி.பி.-2 என்ற இடைப் புரதத்தின் வழியாகவும் ஊக்குகிறது. டி3 குறைந்தால் மேற்பரப்பில் எல்.டி.எல். ஏற்பிகள் குறையும், துகள்கள் ரத்தத்திலேயே தங்கிவிடும். இங்கே பலரைக் குழப்பும் ஒரு முரண் இருக்கிறது. கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் நொதியையும் டி3 கூட்டத்தான் செய்கிறது. அதாவது தைராய்டு குறைந்தால் கொலஸ்ட்ரால் தயாரிப்பும் குறையும். பிறகு ஏன் ரத்தத்தில் ஏறுகிறது? தயாரிப்பு குறைவதைவிட, ரத்தத்திலிருந்து அகற்றுவது அதிகமாகக் குறைந்துவிடுவதால்தான். வரத்து கொஞ்சம் இளைத்தாலும் வடிகால் பெரிதாக அடைத்துக்கொண்டால் தண்ணீர் நிற்கத்தானே செய்யும், சென்னைவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொலஸ்ட்ராலைப் பித்த அமிலமாக மாற்றும் நொதியையும் டி3 கூட்டுகிறது என்பது எலியில் தெளிவாக நிறுவப்பட்டது. மனிதக் கல்லீரலில் அது அத்தனை தெளிவாக இல்லை.

உங்கள் டாக்டர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மருந்தான ஸ்டாட்டினைத் தள்ளிப்போட்டதன் பொருள் இப்போது புரிந்திருக்கும். டி.எஸ்.எச். 38 என்றால் கல்லீரலில் அந்தக் குமிழ் சிம்மில் இருக்கிறது. காரணத்தைச் சரிசெய்தாலே எல்.டி.எல். கணிசமாக இறங்க வாய்ப்பு உண்டு. இறங்கிய பிறகு மிச்சம் இருப்பதற்கு மருந்து தேவையா என்று பார்ப்பதுதான் முறை. மற்றொரு காரணமும் உண்டு. தைராய்டு குறைவைச் சரிசெய்யாமல் ஸ்டாட்டின் கொடுத்தால் தசைவலி, தசைச் சிதைவு வரும் அபாயம் கூடுகிறது. கொலஸ்ட்ரால் புதிதாக உயர்ந்திருக்கும் யாருக்கும் ஸ்டாட்டின் எழுதுவதற்கு முன் டி.எஸ்.எச். பார்ப்பது நல்ல வழக்கம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கோ சர்க்கரை நோயோடு வேறு ஆபத்துகளும் சேர்ந்தவருக்கோ இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்கு இரண்டையும் சேர்த்தே தரவேண்டியிருக்கலாம். டி.எஸ்.எச். 5, 6, 7 என்று லேசாக ஏறியிருப்பவர்களுக்கு மாத்திரையால் எல்.டி.எல். பெரிதாக இறங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'எனக்கும் தைராய்டு, எனக்கு இறங்கவே இல்லையே' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அவருடைய டி.எஸ்.எச். தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். சென்னையையும் சேர்த்து எட்டு இந்திய நகரங்களில் நடந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் தைராய்டு குறைவு காணப்பட்டது. அவர்களில் பெரும்பகுதியினர் இந்த லேசான வகை.

கல்லீரலில் படியும் கொழுப்பு இதைவிடச் சிக்கலானது. கொழுப்பு அமிலத்தை எரிக்க மைட்டோகாண்ட்ரியாவுக்குள் அனுப்பும் சி.பி.டி.1 நொதியை டி3 கூட்டுகிறது. செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளிகளைச் செரிக்கும் வேலையையும் தூண்டுகிறது. ஆனால் அதே டி3, புதிதாகக் கொழுப்பு செய்யும் மாலிக் நொதி, ஸ்பாட் 14 போன்றவற்றின் மரபணுக்களையும் கூட்டுகிறது. ஒரு கையால் செய்து மறு கையால் எரிப்பது போல. வீணாகத் தோன்றினாலும் இந்தச் சுழற்சியும் உடல் சூட்டுக்குப் பங்களிக்கிறது. நிகர விளைவு பெரும்பாலும் எரிப்பதன் பக்கம் சாய்கிறது என்றாலும் 'டி3 கொழுப்பை எரிக்கும்' என்று ஒரே வரியில் சொல்வது தவறு. தைராய்டு குறைந்தவர்களிடம் கொழுப்புக் கல்லீரல் சற்று அதிகமாகக் காணப்படுகிறது என்பது உண்மை. அம்மாவின் கிரேடு 1 தைராய்டால் வந்ததா, எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, மூன்று வேளையும் அரிசி இவற்றால் வந்ததா என்று ஸ்கேனை வைத்து யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அதற்காக மாத்திரை போடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளாமல், நடையும் உணவும் அதன் வழியில் போகட்டும்.

மூன்று வாரத்தில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? டி3 உட்கருவில் அமர்ந்து ஆர்.என்.ஏ. கூடுவதற்குச் சில மணி நேரம் போதும். புரதம் சேர மேலும் சில மணி நேரமோ நாளோ ஆகும். தாமதம் அங்கே இல்லை, மாத்திரையில் இருக்கும் டி4-இல் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 7 நாள். அப்படிப்பட்ட பொருளைத் தினமும் கொடுத்தால் அளவு நிலைபெற ஐந்து வாரமாகும். பிட்யூட்டரி பழைய நிலையிலிருந்து மீள அதன்மேலும் சிறிது காலம் வேண்டும். 6 முதல் 8 வாரத்துக்கு முன் டி.எஸ்.எச். பார்ப்பதில் பயனில்லை என்பது இதனால்தான். அதன்பிறகு அளவு மாற்றினால் மறுபடி அதே காத்திருப்பு. ரத்தக் கொழுப்பின் (லிப்பிட்) அளவு டி.எஸ்.எச். சரியான பிறகுதான் நிலைபெறும். மூன்று மாதக் கணக்கில் யோசியுங்கள். எடை விஷயத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. தைராய்டு குறைவால் ஏறும் எடை பெரும்பாலும் மூன்று நான்கு கிலோதான், அதிலும் பெரும்பங்கு உப்பும் நீரும். மாத்திரை அதைத்தான் இறக்கும். மற்ற கிலோக்களுக்கு அது பொறுப்பல்ல.

மாத்திரை 'வேலை செய்யவில்லை' என்று தோன்றும் வீடுகளில் பெரும்பாலும் கோளாறு உட்கருவில் இருப்பதில்லை, காலை ஐந்தரை மணியின் ஃபில்டர் காபியில் இருக்கிறது. காபி, டி4 குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. பச்சைத் தண்ணீரோடு வெறும் வயிற்றில் மாத்திரை போட்டு, குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடிக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி விட வேண்டும். 54 வயதில் கால்சியம் சாப்பிடாத அம்மாக்கள் குறைவு, ஆகவே இதைக் கேட்டுப் பாருங்கள். எழுந்ததும் காபி இல்லாமல் முடியாது என்றால், இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கப் போகும்போது போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதுவும் ஏற்கப்பட்ட முறையே. நூறு மாத்திரைகள் கொண்ட பாட்டிலை அடுப்புக்கு மேல் அலமாரியிலோ குளியலறையிலோ வைக்க வேண்டாம். தைராக்சின் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் தாங்காது, நம் ஊர் மே மாதத்தில் இரண்டுமே உண்டு. வீட்டிலேயே குளுமையான, இருட்டான, உலர்ந்த இடத்தில் இறுக மூடி வையுங்கள். முழு அளவு பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம் என்று கணக்கிடுவார்கள். 60 கிலோவுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் வரும். வயதானவருக்கும் இதய நோய் உள்ளவருக்கும் 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள்.

அப்படி ஏன் மெல்ல ஏற்ற வேண்டும் என்பதில்தான் உறவினரின் யோசனைக்குப் பதில் இருக்கிறது. மாத்திரையை இரட்டிப்பாக்கினால் கல்லீரலின் பீட்டா ஏற்பிக்கு மட்டும் டி3 கூடாது. இதயத்தின் ஆல்ஃபா ஏற்பிக்கும் சேர்ந்தேதான் கூடும். துடிப்பு வேகமாகும், ஒழுங்கு தவறும். அறுபது வயதைத் தாண்டியவர்களைப் பத்தாண்டுகள் கவனித்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே போனவர்களுக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு சுமார் மூன்று மடங்கு அதிகமாக வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் கரையும். கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தைராய்டு ஹார்மோனைக் கூட்டிப் பார்க்கும் எண்ணம் புதிதல்ல. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தைராக்சினின் மாற்று வடிவமான டெக்ஸ்ட்ரோதைராக்சின் கொடுத்துப் பார்த்த பெரிய அமெரிக்கச் சோதனையில் கொலஸ்ட்ரால் இறங்கியது, ஆனால் மரணங்கள் கூடியதால் 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பிரிவையே நிறுத்தினார்கள். எனவே தயவுசெய்து வேண்டாம்.

அவர் கேள்விப்பட்ட மருந்து உண்மையானதுதான். பெயர் ரெஸ்மெட்டிரோம். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஆனால் அது தைராக்சின் அல்ல. ஆல்ஃபா, பீட்டா ஏற்பிகளின் ஹார்மோன் குழியில் ஓர் அமினோ அமிலம்தான் வேறுபடுகிறது: ஆல்ஃபாவில் செரின் இருக்குமிடத்தில் பீட்டாவில் அஸ்பரஜின். அந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, பீட்டாவோடு அதிகமாகச் சேரும்படியும் பெரும்பாலும் கல்லீரலுக்குள்ளேயே போகும்படியும் அதை வடிவமைத்திருக்கிறார்கள். கல்லீரலில் கொழுப்போடு அழற்சியும், நடுத்தர அல்லது முற்றிய தழும்பும் சேர்ந்து, ஆனால் இன்னும் சிரோசிஸ் (கல்லீரல் முழுதும் தழும்பாகிச் சுருங்கும் நிலை) ஆகாதவர்களுக்குத்தான் அனுமதி. 966 பேர் கலந்துகொண்ட சோதனையில், ஓராண்டு கழித்து, தழும்பு மோசமாகாமல் அழற்சி நீங்கியவர்கள் 80 மில்லிகிராம் எடுத்தவர்களில் 25.9 சதவீதம், 100 மில்லிகிராம் எடுத்தவர்களில் 29.9 சதவீதம், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 9.7 சதவீதம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் முக்கால்வாசிப் பேருக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. சோதனையில் வயிற்றுப்போக்கும் குமட்டலும் அதிகம் தெரிந்த பக்க விளைவுகள். அம்மாவின் கிரேடு 1-க்கு இது தேவைப்படும் மருந்து அல்ல. அவருடைய குறை ஹார்மோன் பற்றாக்குறை, அதற்குத் தைராக்சின்தான் மருந்து.

ஆய்வுக் கட்டுரைகளை நீங்களே படிப்பதாகச் சொன்னீர்கள், அதற்கு ஒரு எச்சரிக்கை. கண்ணாடிக் குடுவையில் வளர்க்கும் ஈரல் செல்களுக்குப் பல ஆய்வுகளில் 10 அல்லது 100 நானோமோலார் டி3 ஊற்றுகிறார்கள். நம் ரத்தத்தில் ஒட்டாமல் திரியும் டி3 சில பிக்கோமோலார்தான், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. அந்தச் செல்களை வளர்க்கும் கன்றுக்குட்டி சீரத்திலும் ஏற்கெனவே ஹார்மோன் இருக்கும். கரித்தூளையோ ரெசின் என்னும் பிசினையோ கொண்டு அதை நீக்கினார்களா என்று முறைப் பகுதியில் பாருங்கள், நீக்கவில்லை என்றால் ஒப்பிடுவதற்கு 'ஹார்மோன் இல்லாத நிலை' என்று ஒன்றே அங்கு இல்லை. எலியின் முடிவு அப்படியே மனிதருக்குப் பொருந்தாது என்பதற்கு மேலே பித்த அமில உதாரணம் சொன்னேன்.

கடைசியாக, டி.எஸ்.எச். நார்மலானால் கல்லீரலும் நார்மல் என்று அர்த்தமா? பெரும்பாலும் ஆம், எப்போதும் அல்ல. டி.எஸ்.எச். காட்டுவது பிட்யூட்டரியின் நிலையை. அது தனக்கு வேண்டிய டி3-ஐ இரண்டாம் வகை நொதியால் தானே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரலின் நிலையைத் தனியாக அளக்க அன்றாடச் சோதனை எதுவும் இல்லை. எல்.டி.எல்.-ஐயும், கல்லீரல் தயாரிக்கும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தையும் வைத்து ஊகிக்கலாம், அவ்வளவே. பீட்டா ஏற்பியிலேயே பிறவிப் பழுது உள்ள அரிதான குடும்பங்களில் இந்தப் பிளவு பளிச்சென்று தெரியும். டி4 உயர்ந்திருக்கும், டி.எஸ்.எச். அடங்கியிருக்காது, ஆல்ஃபா நிறைந்த இதயம் படபடக்கும், பீட்டாவை நம்பியிருக்கும் கல்லீரலோ ஹார்மோன் போதாதது போல எஸ்.எச்.பி.ஜி.-ஐ உயர்த்தாமலே இருக்கும். அம்மாவின் எண்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

எட்டாவது வாரம் ரத்தம் கொடுக்கும் காலையில் மாத்திரையை எடுத்துப் போகச் சொல்லி, ரத்தம் கொடுத்த பிறகு போடச் சொல்லுங்கள். போட்டுவிட்டுப் போனால் ஃப்ரீ டி4 சற்று உயர்ந்து காட்டும். முடி உதிர்வுக்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். பல லேப் கருவிகளில் அது டி.எஸ்.எச்.-ஐப் பொய்யாகக் குறைத்தும் டி4-ஐப் பொய்யாக உயர்த்தியும் காட்டிவிடும், அதைப் பார்த்து மாத்திரையைக் குறைத்துவிடும் வாய்ப்பு இருக்கிறது. முதல் ரிப்போர்ட் எந்த லேபில் எடுத்தீர்களோ அங்கேயே இதையும் எடுங்கள். 186 என்ற பழைய எல்.டி.எல். இருக்கும் தாளையும் கையோடு கொண்டுபோங்கள், ஸ்டாட்டின் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவுக்கு டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.